கணக்கு என்று சொல்லாதீர்கள்

கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு வேலை தர மறுப்பதைப் பாகுபாடு என்று நம் ஊரில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வதில்லை. அது வெறும் கணக்கு என்கிறார்கள். வேலை நடக்க வேண்டும் என்றுதான் நிறுவனம் ஆள் எடுக்கிறது. சேர்ந்த சில மாதத்தில் 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பில் போகப்போகிறவரைத் தெரிந்தே எந்த முதலாளி எடுப்பார்? இதில் வெறுப்பு எங்கே இருக்கிறது, இளக்காரம் எங்கே இருக்கிறது? ‘பிரசவம் முடியட்டும், ஆறு மாசம் கழிச்சு வாங்க, பார்க்கலாம்’ என்று சொல்வது நடைமுறை அறிவுதானே? எச்.ஆர். அறைகளில் மட்டும் இந்தப் பேச்சு நடக்கவில்லை. வேலைக்குப் போகும் பெண்களே ‘நான் முதலாளியாக இருந்தாலும் இதைத்தான் செய்வேன்’ என்கிறார்கள். மகள் மாசமாக இருக்கும்போது வேலை தேடினால், ‘இப்போ யாரு தருவா, பேசாம இரு’ என்று பெற்றவர்களே தடுக்கிறார்கள். இந்த எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. நான் இதை மறுக்கிறேன். மறுப்பதற்கு அறத்தைக்கூட முதலில் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. கணக்கு என்று எதைச் சொல்கிறார்களோ அதையே எடுத்துப் போட்டுப் பார்த்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 2017இல் திருத்தப்பட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனது. பிரசவத்துக்கு முன்பு அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்க முடியும். சம்பளத்துடன் விடுப்பு வேண்டுமென்றால், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த முதலாளியிடம் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். பழைய சட்டங்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதே நிபந்தனைதான். இப்போது கணக்கு. கர்ப்பம் 40 வாரம். 12 வாரக் கர்ப்பத்தில் வேலையில் சேரும் ஒரு பெண், விடுப்பைத் தொடங்கச் சட்டம் அனுமதிக்கும் மிக முந்தைய நாளில் தொடங்கினாலும், அதற்கு முன் 20 வாரம் வேலை செய்திருப்பார். 30 வாரத்தில் சேரும் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு இன்னும் 70 நாள்தான். ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் வந்தாலும் 80 நாள் ஆகாது. அந்த நிறுவனம் அவருக்கு விடுப்புச் சம்பளம் தர வேண்டிய கடமையே எழாது. ஆக, ‘இன்று சேர்ந்து நாளை சம்பளத்தோடு வீட்டுக்குப் போய்விடுவாள்’ என்ற பயத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அந்தப் பயத்துக்கென்றே எழுதப்பட்ட நிபந்தனை அங்கே பல ஆண்டுகளாக இருக்கிறது. பயப்படுகிறவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, அந்த 26 வாரச் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்? கணக்கு என்ற வாதம் முழுவதும் உடைந்துபோகிற இடம் இதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் தொழிலாளி இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார். அவருக்கான மகப்பேறு காலச் சம்பளத்தை முழுவதுமாகத் தருவது இ.எஸ்.ஐ. கழகம், முதலாளி அல்ல. முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதச் சந்தா. அந்தச் சந்தா ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று, கல்யாணமானவருக்கும் ஆகாதவருக்கும் ஒன்று. வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டால் அந்த விகிதம் இம்மியளவும் கூடாது. அவர் விடுப்பில் இருக்கும் மாதங்களில் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே செலவும் இல்லை. அந்தப் பணத்திலேயே மாற்று ஆளை வைத்துக்கொள்ளலாம். கணக்குத்தான் காரணம் என்றால், இ.எஸ்.ஐ. உள்ள தொழிற்சாலைகளில் கர்ப்பத்தைப் பற்றி யாரும் கவலைப்படவே கூடாது. நடப்பது என்ன? திருமணமான பெண்களை வேண்டாம் என்று சொல்வதே பல இடங்களில் ஆளெடுப்பு முறையாக இருக்கிறது.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையைப் பற்றி வெளியிட்ட விசாரணை இதைத்தான் பேசியது. ஐபோன் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்கள் தொடர்ந்து ஒதுக்கப்படுகிறார்கள். குடும்பப் பொறுப்பும் கர்ப்பமும் காரணமாகச் சொல்லப்படுகின்றன என்று ஆளெடுக்கும் முகவர்களும் முன்னாள் அலுவலர்களும் சொன்னதாக அது எழுதியது. 2022இல் ஆளெடுப்பில் சில தவறுகள் நடந்தன, அவற்றைச் சரிசெய்துவிட்டோம், திருமண நிலையை வைத்துப் பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரித்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த விசாரணையின் முடிவு எப்படியிருந்தாலும், தமிழ்நாட்டில் இது ஒரு ஆலையின் விவகாரம் இல்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். அசெம்பிளி லைனிலும் தையல் தளத்திலும் வேலை பார்க்கும் அவர்களில் மிகப் பலர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருப்பவர்கள். அவர்கள் பிள்ளை பெற்றால் விடுப்புச் சம்பளம் என்ற பெயரில் முதலாளிக்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது. அப்படியிருந்தும் வாசலில் ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்ற கேள்வி நிற்கிறதென்றால், அந்தக் கேள்வியைக் கேட்கவைப்பது செலவுக் கணக்கு இல்லை.

கணக்கு எந்தத் திசையில் பார்த்தாலும் உதைக்கிறது. சிறு முதலாளிக்குத்தான் சுமை என்றால், பெரிய நிறுவனங்கள் இதைச் செய்யவே கூடாது. நாட்டிலேயே பெரிய வங்கியான ஸ்டேட் வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருக்கிறார்கள். 2021 டிசம்பர் 31 அன்று அது ஒரு சுற்றறிக்கை விட்டது: தேர்வாகி வரும் பெண் மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருந்தால் ‘தற்காலிகத் தகுதியற்றவர்’, பிரசவமாகி நான்கு மாதத்துக்குள் வந்து சேர்ந்துகொள்ளலாம். அதற்கு முன் இருந்த விதி, மருத்துவச் சான்றோடு ஆறு மாதக் கர்ப்பம்வரை சேர அனுமதித்தது. டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, ஊழியர் சங்கங்கள் கொதித்தன, 2022 ஜனவரி 29 அன்று வங்கி அந்த அறிவிப்பைக் கிடப்பில் போட்டது. அதே ஆண்டு ஜூனில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் விதிகளில் 12 வாரம் என்ற வரம்பு இருப்பது செய்தியாகி, மறுபடியும் நோட்டீஸ் போனது. இந்த வங்கிகளுக்குச் சில நூறு பெண்களின் விடுப்புச் சம்பளம் தாங்க முடியாத சுமை என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது என்பதால்தான் அங்கே கணக்கு என்ற சொல்லே வரவில்லை. ‘தகுதி’ என்ற சொல் வந்தது. சிறு நிறுவனத்தில் செலவைக் காரணம் சொல்கிறார்கள், பெரிய நிறுவனத்தில் உடல்நலத்தைச் சொல்கிறார்கள், ஆலையில் குடும்பப் பொறுப்பைச் சொல்கிறார்கள். காரணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. முடிவு மட்டும் மாறாமல் இருக்கிறது. அப்படியென்றால் முடிவுதான் முதலில் எடுக்கப்படுகிறது என்று பொருள்.

தகுதி என்ற வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது அக்கறையின் குரலில் பேசுகிறது. தாயின் நலனுக்காக, பிள்ளையின் நலனுக்காக என்கிறது. உண்மையான அக்கறைக்குச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது: பிரசவம் நெருங்கும் வாரங்களில் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்க வேண்டிய வேலையோ தரக் கூடாது என்று பெண் கேட்டால், முதலாளி தரக் கூடாது. வேலையை மாற்றிக் கொடு என்கிறது சட்டம். வேலையே கொடுக்காதே என்று எங்கும் சொல்லவில்லை. அதோடு, இந்த நாட்டில் நடவு நடுகிற பெண், செங்கல் சூளையில் கல் அறுக்கிற பெண், கட்டட வேலையில் சிமெண்ட் சட்டி சுமக்கிற சித்தாள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் எல்லோரும் நிறைமாதம்வரை வேலை செய்கிறார்கள். செய்யக் கூடாது என்று எந்த மருத்துவக் குழுவும் அவர்களைத் தற்காலிகத் தகுதியற்றவர் ஆக்கியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, மாதச் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம் என்று வரும் இடத்தில்தான் கர்ப்பம் தகுதிக் குறைவாகிறது. உடல் எங்கே நோகுமோ அங்கே கவலையில்லை. வருமானம் எங்கே நிலைக்குமோ அங்கே கவலை பிறக்கிறது. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கு மகப்பேறு பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் நிரந்தர ஊழியர்கள் இல்லை என்பதுதான் மாநகராட்சியின் வாதம். வேலைக்கு ஆள் வேண்டும்போது உடல் தாங்கும், உரிமை கேட்கும்போது தாங்காது என்றால் அது மருத்துவம் இல்லை.

2024 பிப்ரவரியில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் இதை நேராகவே கேட்டது. நைனிடால் அரசு மருத்துவமனையில் செவிலியர் அதிகாரியாகப் பணிநியமனம் பெற்ற ஒரு பெண் 13 வாரக் கர்ப்பமாக இருந்தார். வேறு எந்தக் குறையும் இல்லை. கர்ப்பம் ஒன்றைக் காட்டி, 12 வாரத்தைத் தாண்டினால் தற்காலிகத் தகுதியின்மை என்ற விதியின்படி, அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். பணியில் சேர்ந்தபின் கர்ப்பமான பெண்ணுக்கு விடுப்பு உரிமை உண்டென்றால், கர்ப்பமான பெண் பணியில் சேர்வது மட்டும் எப்படித் தவறாகும் என்பது நீதிமன்றத்தின் கேள்வி. அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவானது. பிரசவ வார்டில் பெண்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய செவிலியரையே கர்ப்பத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிய விதி அது. எந்த மருத்துவக் காரணத்தை நினைத்து அதை எழுதினார்களோ!

‘ஆறு மாதம்தானே, அப்புறம் வந்து சேரட்டும்’ என்பது அடுத்த பதில். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வேலை ஆறு மாதம் காத்திருப்பதில்லை. அரசு வங்கியில் தன்னுடன் தேர்வானவர்களுக்குப் பின்னால் சேர்கிறவர் பணிமூப்பில் பின்தங்குகிறார். பதவி உயர்வுப் பட்டியலில் அந்தப் பின்னடைவு ஓய்வுபெறும்வரை கூடவே வரும். தனியாரிலோ ஆஃபர் அப்போதே செத்துவிடுகிறது. மறுபடி தேடும்போது ரெஸ்யூமேயில் இடைவெளி தெரியும். ஏன் இடைவெளி என்று கேட்பார்கள். பதில் சொன்னால் அடுத்த கேள்வி ‘குழந்தையை யார் பார்த்துக்குவாங்க?’ என்று வரும். கர்ப்பத்தைக் காட்டி மறுத்தவர்கள் இப்போது குழந்தையைக் காட்டி மறுக்கிறார்கள். விடுப்பு முடிந்துவிட்டது, செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் மறுப்பு தொடர்கிறது. அமெரிக்காவில் ஷெல்லி கோரல் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒரே தகுதி, ஒரே அனுபவம் உள்ள விண்ணப்பங்களை உண்மையான நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். ஒன்றில் மட்டும் அந்தப் பெண் ஒரு தாய் என்பதற்கான குறிப்பு. குழந்தை இல்லாத பெண்ணுக்கு வந்த அழைப்பு, தாய்க்கு வந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தகப்பன் என்று தெரிந்த ஆணுக்கு எந்த நட்டமும் இல்லை. இந்த ஆய்வில் யாரும் விடுப்பு கேட்கவில்லை, யாரும் கர்ப்பமாக இல்லை. மறுப்புக்கு விடுப்புச் செலவு என்ற காரணமே தேவைப்படவில்லை.

அதே ஆண்டு வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. இளம்பெண்களைக் கடைகளுக்கு அனுப்பினார்கள், சிலருக்கு வயிற்றில் கர்ப்பம்போலத் தெரியும் செயற்கைத் திணிப்பைக் கட்டி. அந்த வயிற்றோடு பொருள் வாங்க வந்தவர்களிடம் கடை ஆட்கள் கூடுதல் அன்பு காட்டினார்கள். செல்லம் கொஞ்சுகிற அளவுக்குக் கரிசனம். அதே வயிற்றோடு வேலை கேட்டு வந்தவர்களிடம் முகம் இறுகியது, பேச்சு சுருங்கியது, பகை தெரிந்தது. இதை அமெரிக்காவின் குணம் என்று தள்ளிவிட முடியாது. நம் ஊரில் பேருந்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுந்து இடம் கொடுக்கிறோம். வளைகாப்பில் கை நிறைய வளையல் அடுக்குகிறோம். ஏழு வகைச் சோறு கட்டுகிறோம். வாங்கிக்கொள்கிறவராக, வீட்டில் இருப்பவராக அவர் இருக்கும்வரை நம் அன்புக்கு அளவே இல்லை. அவரே சான்றிதழ்க் கோப்போடு வந்து நின்று, சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போது அந்த அன்பு எங்கே போகிறது? கர்ப்பிணிக்கு நாம் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம், அதைவிட்டு அவர் வெளியே வருவது பிடிக்கவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

‘சரி, ஆனால் நேர்காணலில் மறைப்பது தவறில்லையா? சேர்ந்தபின் சொன்னால் அது ஏமாற்று வேலைதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நம் உச்ச நீதிமன்றம் 1991இலேயே பதில் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளராகத் தேர்வான நீரா மாத்தூர் சேரும்போது ஒரு உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வலி உண்டா, கடைசியாக வந்த தேதி எது, எத்தனை முறை கருவுற்றீர்கள், எத்தனை பிரசவம் என்று அதில் கட்டங்கள் இருந்தன. கழகத்தின் மருத்துவரே அவரைப் பரிசோதித்துத் தகுதிச் சான்று கொடுத்தார். 1990 ஜனவரியில் அவருக்குக் குழந்தை பிறந்தது. மகப்பேறு விடுப்பில் இருந்தபோதே, படிவத்தில் தவறான தகவல் தந்தார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். நீதிமன்றம் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. அத்தோடு நிற்காமல், இப்படிப்பட்ட கேள்விகள் ஒரு பெண்ணைக் கூச வைப்பவை, அவமதிப்பவை என்று கண்டித்து, அந்தக் கட்டங்களைப் படிவத்திலிருந்தே நீக்க உத்தரவிட்டது. கேட்கக் கூடாத கேள்விக்கு உண்மையான பதில் வரவில்லை என்று கேட்டவர் குறைபட்டுக்கொள்ள உரிமை இல்லை என்பதே அந்தத் தீர்ப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

2001இல் ஐரோப்பிய நீதிமன்றமும் டென்மார்க் தொலைத்தொடர்பு நிறுவனமொன்றின் வழக்கில் இதையேதான் சொன்னது. ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்த பெண், சேரும்போதே தெரிந்திருந்தும் கர்ப்பத்தைச் சொல்லவில்லை. ஒப்பந்தக் காலத்தின் பெரும்பகுதி அவரால் வேலைக்கு வர முடியாது. அப்படியிருந்தும் அவரை நீக்கியது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். மறைப்பது நேர்மையா என்று பெண்ணைக் கேட்பவர்கள் எதிர்ப்பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கட்டும். வேலைக்கு முந்தைய மெடிக்கலில் சர்க்கரைக்கு என்று சொல்லி ஒரு சிறு பிளாஸ்டிக் குவளையில் சிறுநீர் வாங்குகிறார்கள். அதிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து ஒரு பட்டையில் விட்டால் ஐந்து நிமிடத்தில் இரண்டாவது கோடு தெரியும், தெரியாமல் போகும். கையெழுத்துப் போட்டுக் குவளையைக் கொடுத்த பெண்ணுக்கு அங்கே என்னென்ன பார்க்கிறார்கள் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் கட்டாயம் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை, 2000ஆம் ஆண்டிலேயே, வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணிடம் கர்ப்பப் பரிசோதனை கேட்பதைத் தடைசெய்தது. கருவுக்கோ தாய்க்கோ உண்மையான ஆபத்துள்ள வேலைகளுக்கு மட்டும் விலக்கு. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

இப்போது வலுவான எதிர்வாதத்துக்கு வருகிறேன். 15, 20 பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம். சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல், அதனால் இ.எஸ்.ஐ. கிடையாது, ஒருவர் விடுப்பில் போனால் 26 வாரச் சம்பளத்தையும் அந்த முதலாளியே தர வேண்டும், மாற்று ஆளுக்கும் தர வேண்டும். இது உண்மையான பாரம். இதை மறுப்பது நேர்மையாகாது. பத்துப் பேருக்குக் குறைவான கடையையோ அலுவலகத்தையோ மகப்பேறு சட்டம் தொடுவதில்லை என்பதால் மிகச் சிறியவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அதற்குச் சற்று மேலே இருப்பவர்களின் முறையீட்டில் நியாயம் இருக்கிறது. 2018இல் டீம்லீஸ் என்ற ஆளெடுப்பு நிறுவனம், 2017 திருத்தத்தால் பத்துத் துறைகளில் ஒரே நிதியாண்டில் 11 லட்சம் முதல் 18 லட்சம் பெண்கள் வேலை இழக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. பெரிய நிறுவனங்கள் சமாளிக்கும், சிறு, நடுத்தர நிறுவனங்களே பெண்களை எடுக்கத் தயங்கும் என்றது. அன்றிலிருந்து ‘பெண்களுக்கு நல்லது செய்யப்போய் அவர்கள் வேலைக்கே உலை வைத்துவிட்டார்கள்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது முன்மதிப்பீடு, நடந்ததன் கணக்கு இல்லை. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். இந்த உயர்வின் பெரும்பகுதி கிராமப்புறச் சுயதொழிலில் வந்தது என்பதால் இதை என் பக்கச் சான்றாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த மதிப்பீட்டைத் தீர்ப்பாகப் பிடித்துக்கொண்டிருப்பவர்களும் அதே கவனத்தைக் காட்ட வேண்டும்.

அந்த மதிப்பீடு அப்படியே பலித்ததென்றே வைத்துக்கொண்டாலும் குற்றவாளி யார்? சட்டத்தைத் தவிர்ப்பதற்காகப் பெண்களை எடுக்காமல் விடுகிறவர் ஒருவர். பழி சட்டத்தின் மேல். குறைந்தபட்சக் கூலி, வருங்கால வைப்புநிதி, எட்டு மணி நேர வேலை எதுவுமே முதலாளிக்குச் செலவில்லாமல் வந்ததில்லை. ஒவ்வொன்றும் வந்தபோது வேலை போய்விடும் என்றார்கள். மகப்பேறு விடுப்பு மட்டும் ஏன் திரும்பப் பெற வேண்டிய பிழையாகத் தெரிகிறது? அதன் பயன் பெண்ணுக்கு மட்டும்தான் என்று நினைப்பதால். பிள்ளை அவளுக்கு மட்டுமா பிறக்கிறது? 2020இன் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. மக்கள்தொகை குறைவதால் நாடாளுமன்றத் தொகுதி குறையும் என்ற அச்சத்தில் 2025இல் முதலமைச்சரே புதுமணத் தம்பதிகளை உடனே குழந்தை பெற்றுக்கொள்ளச் சொன்னார். பிள்ளை வேண்டும் என்பது மாநிலத்தின் தேவை என்றால், அதன் செலவை வேலை தேடும் பெண் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது என்ன நீதி? இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து விடுப்பு 52 வாரம். 35 ஆண்டுப் பணிக்காலத்தில் அது ஒரு ஆண்டு. மூன்று சதவீதம்கூட இல்லை. 2022இல் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஓராண்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையை விட்டுப் போனார்கள். சேர்ந்து எட்டு மாதத்தில் அதிகச் சம்பளத்துக்கு ஓடக்கூடியவர் என்று எந்த இளைஞனையும் நேர்காணலிலேயே யாரும் திருப்பி அனுப்பவில்லை. அவன் போவது நிச்சயமான இழப்பு. கர்ப்பிணி திரும்பி வருவார். அந்த இழப்பைத் தொழிலில் சகஜம் என்று ஏற்கிறோம். இதை ஏற்க மறுக்கிறோம்.

சிறு முதலாளியின் பாரத்துக்கு வழி, பாரத்தைப் பிரித்துக்கொள்வது. இதுவும் புதிய யோசனை இல்லை, இ.எஸ்.ஐ. செய்வது இதைத்தான். பிரிட்டனில் சட்டப்படியான மகப்பேறு ஊதியத்தில் 92 சதவீதத்தை முதலாளி அரசிடமிருந்து திரும்பப் பெறலாம். சிறு நிறுவனங்களுக்கு முழுத்தொகையும் அதற்கு மேல் சிறிது ஈடும் கிடைக்கிறது. இந்தியாவில் 2018 நவம்பரில், 15,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பெண்களுக்கு 26 வார விடுப்பு தரும் முதலாளிகளுக்கு 7 வாரச் சம்பளத்தை அரசே ஈடுகட்டும் திட்டம் பேசப்பட்டது, பேச்சோடு நின்றது. 21,000 ரூபாய் வரம்பை மகப்பேறு பயனுக்கு மட்டுமாவது நீக்கி, எல்லாச் சம்பளத்துக்கும், ஆண் ஊழியருக்கும் சேர்த்து, ஒரு சிறு சந்தாவை வாங்கினால் 20 பேர் நிறுவனத்தின் புகார் தீர்ந்துபோகும். அரசுகள் தங்கள் ஊழியர்களுக்கு இதைச் செய்யத் தயங்கவில்லை: தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021இலிருந்து 12 மாத விடுப்பு, அந்த விடுப்பைத் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக்கொள்வதாகவும் 2025இல் அறிவித்தார்கள். வெளியில் வேலை தேடும் பெண்ணுக்குத்தான் ஒன்றுமில்லை.

அவருக்கு ஒன்றுமில்லை என்பதைச் சட்டத்தின் எழுத்திலேயே காணலாம். மகப்பேறு சட்டம் வேலையில் இருப்பவரைக் காக்கிறது. விடுப்பில் இருக்கும்போது நீக்கக் கூடாது என்கிறது. வேலை கேட்டு வருபவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த ஊதியத் தொகுப்பும் ஆளெடுப்பில் பால் பாகுபாடு கூடாது என்கின்றன. ஆனால் கர்ப்பம் என்ற சொல் அங்கே இல்லை. ‘நாங்கள் எடுத்ததும் ஒரு பெண்ணைத்தான், கர்ப்பமில்லாத பெண்ணை’ என்று நிறுவனம் சொன்னால் என்ன செய்வது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் இதே தர்க்கத்தை ஏற்று, கர்ப்பத்தை விலக்குவது பால் பாகுபாடு ஆகாது என்றது. அதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் 1978இல் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. நெதர்லாந்தில் ஓர் இளைஞர் பயிற்சி மையம், மூன்று மாதக் கர்ப்பம் என்று தானே சொன்ன பெண்ணை, தேர்வுக் குழு அவரே மிகப் பொருத்தமானவர் என்று பரிந்துரைத்தும் எடுக்கவில்லை. விடுப்புச் செலவைக் காப்பீடு ஈடுகட்டாது என்பது காரணம். போட்டியிட்டவர்கள் எல்லோரும் பெண்களே. 1990இல் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கர்ப்பமாக முடிவது பெண்ணால் மட்டும் என்பதால் கர்ப்பத்துக்காக மறுப்பது நேரடிப் பால் பாகுபாடு, பண இழப்பு அதற்குச் சமாதானம் ஆகாது, எதிரில் ஆண் போட்டியாளர் இருந்தாரா என்பது தேவையே இல்லை.

நம் சட்டத்தில் அந்த மூன்று வாக்கியங்கள் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, நிரூபிப்பது. இன்று மறுப்பு ஒரு தொலைபேசி அழைப்பில் வருகிறது, அல்லது அழைப்பே வராமல் போகிறது. புகார் கொடுக்கப் போகும் பெண்ணின் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருப்பதில்லை. 20 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் நேர்காணல் குறிப்பையும், மெடிக்கலில் என்னென்ன பரிசோதித்தார்கள் என்ற பட்டியலையும், ஆஃபரைத் திரும்பப் பெற்றால் அதன் காரணத்தையும் எழுத்தில் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தொழிலாளர் ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். கர்ப்பம் தெரியவந்த தேதிக்குப் பிறகு ஆஃபர் திரும்பப் பெறப்பட்டது என்று பெண் காட்டிவிட்டால், காரணம் வேறு என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் மேல் விழ வேண்டும். தமிழக அரசு இதற்கு நாடாளுமன்றத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. தொழில் தொடங்க நிலமும் மின்சாரச் சலுகையும் தரும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களில், திருமணத்தையோ கர்ப்பத்தையோ கேட்டு ஆளெடுக்க மாட்டோம், முகவர்கள் கேட்டாலும் நாங்களே பொறுப்பு என்ற நிபந்தனையை அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.